குழந்தைக்கு அவசரமில்லை, விஜயா

பெங்களூரு,
டிசம்பர் 2024

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சந்தோஷத்தை நான்கு வரியில் முடித்துவிட்டு, பிறப்புறுப்பைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று சட்டெனச் சொல்ல முடியவில்லையே என்ற பயத்தை மீதிப் பக்கமெல்லாம் எழுதியிருக்கிறாய். உன் மகள் கவிதாவும் படிக்கட்டும் என்றுதான் போனில் சொல்லாமல் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உன் சம்பந்தியம்மா சொன்னதற்குப் பதில். கிரகணத்தன்று கவிதா வெளியே வந்ததால் குழந்தை இப்படிப் பிறக்கவில்லை. சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி, வேண்டிய கார்டிசோலைச் சுரக்க முடியாமல் ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரந்துவிடுகிறது. அதனால் கருவிலேயே பிறப்புறுப்பின் தோற்றம் மாறுகிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் மரபணுவால் நேர்வது இது. பெற்றவள் செய்த குற்றம் எதுவும் இதில் இல்லை. இதை அந்த அம்மாளின் எதிரிலேயே கவிதாவிடம் நீ ஒருமுறை சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற உடம்போடு இந்தப் பழியையும் அவள் ஏன் சுமக்க வேண்டும்?

அடுத்தது மருந்து. உப்பு தங்காமல் குழந்தை வாந்தியும் சோர்வுமாகக் கிடந்ததே, அதுதான் உண்மையான ஆபத்து. சரியான நேரத்தில் கண்டுபிடித்தார்கள், பிழைத்தாள். அந்த மருந்தை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்று ஹார்மோன் டாக்டரிடம் எழுதி வாங்கி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டி வையுங்கள். மறுபடி வாந்தி எடுத்தால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இனி அந்த அறுவை சிகிச்சை நிபுணர் சொன்ன விஷயம். ஆறு மாதத்துக்குள் 'சரிசெய்து' விட்டால் குழந்தைக்கு நினைவே இருக்காது என்றாராம். விஜயா, இதற்கு மட்டும் அவசரப்பட்டுத் தலையாட்டி விடாதே. சிறுநீர் போவதில் தடை இருக்கிறதா, இப்போது செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்தா, இந்த இரண்டையும் அவரிடம் நேராகக் கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் அந்த அறுவை சிகிச்சை பார்ப்பவர்களின் கண்ணுக்காக. அதை அவள் வளர்ந்து, தன் உடம்பைப் பற்றித் தானே முடிவு செய்துகொள்ளட்டும். அதுவரை பெண் குழந்தையாகப் பெயர் வைத்து வளர்ப்பதில் ஒரு தடையும் இல்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. என்னைப் போன்ற திருநங்கைகள் நடத்தும் மாதக் கூட்டத்துக்கு ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு பிள்ளை வருகிறது. தமிழ்க் குடும்பம், அச்சகத்தில் வேலை. கைக்குழந்தையாக இருந்தபோதே அறுவை செய்து பெண் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பிள்ளை தன்னை ஒருநாளும் பெண்ணாக உணர்ந்ததில்லை. போன கூட்டத்துக்கு அதன் அம்மாவும் வந்திருந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து என் மடியில் விரித்தார். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு. மடிப்புகளில் பழுப்பேறி, நடுவில் கிழிந்து, பின்பக்கம் செலோடேப் ஒட்டியிருந்தது. பெயர் எழுதும் இடத்தில் அம்மாவின் பெயரைப் போட்டு 'குழந்தை' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். என்ன செய்தார்கள் என்பதற்கு ஒன்றரை வரி ஆங்கிலம். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "என்னத்தை வெட்டி எடுத்தாங்கன்னு இதுல இருக்கா பாருங்க" என்றார். பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. தழும்பு வலிக்கிறது, உணர்ச்சி குறைந்துவிட்டது, இரண்டாவது அறுவையும் தேவைப்பட்டது. அதற்கு நினைவில்லைதான். உடம்பில் எல்லாம் இருக்கிறது.

சட்டமும் உங்கள் பக்கம்தான். அது வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். தூத்துக்குடியில் ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் திருமணம் செய்துகொண்டார்கள். அதைப் பதிவு செய்ய மறுத்தார்கள். வழக்கு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகளில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தார். அதோடு நிற்கவில்லை. அதே தீர்ப்பில், இன்டர்செக்ஸ் குழந்தைகளுக்கு, அதாவது உன் பேத்தியைப் போல பால் உடலமைப்பில் மாறுபாட்டோடு பிறப்பவர்களுக்கு, இப்படிப்பட்ட அறுவை சிகிச்சை செய்வதைத் தடை செய்ய வேண்டும் என்று தமிழக அரசுக்கு உத்தரவிட்டார். அந்த ஆகஸ்டிலேயே அரசாணை வந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர வேறு எதற்கும் குழந்தைகளுக்கு இதைச் செய்யக் கூடாது. குடியாத்தம் தமிழ்நாட்டில்தானே இருக்கிறது? டாக்டர் மறுபடி வற்புறுத்தினால் அந்த அரசாணையைப் பற்றிக் கேளுங்கள். யாரோ ஒரு திருநங்கை தன் கல்யாணத்துக்காக நடத்திய வழக்கு உன் பேத்திக்கும் காவலாக நிற்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

திருநங்கையாக இருப்பதும் இன்டர்செக்ஸாகப் பிறப்பதும் ஒன்றல்ல என்பது உனக்குத் தெரியும். நான் ஆண் என்று எழுதப்பட்டுப் பிறந்து, பெண் என்று என்னை அறிந்துகொண்டவள். உன் பேத்தி பிறக்கும்போதே உடலமைப்பில் மாறுபாட்டோடு பிறந்தவள். அவளைப் போன்றவர்களில் பெரும்பாலோர் பெண்ணாகவே வளர்ந்து பெண்ணாகவே வாழ்கிறார்கள். 2019இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருவரையும் ஒரே வரையறைக்குள் போட்டுவிட்டது. எங்கள் கூட்டங்களிலும் இன்டர்செக்ஸ் பிள்ளைகளுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கிப் பேசுவது இப்போதுதான் வந்திருக்கிறது. அக்டோபர் 26 இவர்களுக்கான விழிப்புணர்வு நாள். அன்று வந்தவர்கள் கொஞ்சம்தான். ஆனாலும் அத்தனை பேரும் வாய் திறந்து பேசினார்கள்.

இந்தக் கூட்டங்களெல்லாம் எதற்கு என்று நீ ஒருமுறை கேட்டாய். 2008 ஜூன் 29 அன்று இந்த ஊரில் முதல் பிரைடு ஊர்வலம், எங்களைப் போன்ற பாலினச் சிறுபான்மையினர் வெளிப்படையாக நடக்கும் ஊர்வலம், நடந்தது. அதே நாளில் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் நடந்தது. முகமூடி போட்டுக்கொண்டு நடந்தவர்கள் உண்டு. பிறகு 2011இல் கர்நாடக காவல் சட்டத்தில் 36ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, எங்களைப் பற்றிப் பதிவேடு வைத்துக் கண்காணிக்க போலீசுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். அதை எதிர்த்து வழக்குப் போட்டதும் எங்கள் ஆட்கள்தான். 2016இல் அந்தப் பிரிவிலிருந்து எங்களைக் குறித்த சொல்லை எடுத்தார்கள். 2021இல் அரசு வேலையில் ஒரு சதவீத இட ஒதுக்கீடு கிடைத்தது. நாட்டிலேயே அதை முதலில் கொடுத்தது கர்நாடகம்தான். இதற்காக வழக்கு நடத்திய சங்கமா, ஜீவா போன்ற அமைப்புகள் இங்கே இன்றும் வேலை செய்கின்றன. ஊர்வலத்தின் பாட்டும் கொடியும்தான் வெளியே தெரியும். அங்கே அறிமுகமானவர்கள்தான் மறுநாள் கூட வருகிறார்கள், ஒருவர் காவல் நிலையத்துக்கு, ஒருவர் ஆஸ்பத்திரிக்கு, ஒருவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் போட. தனியாகப் போனால் நாளைக்கு வா என்று அனுப்பும் அலுவலகத்தில், மூன்று பேராகப் போனால் நாற்காலி போடுகிறார்கள்.

கவிதாவுக்கு வேண்டியதும் அதுதான் என்று நினைக்கிறேன். இதே நோயுள்ள பிள்ளையை வளர்த்த இன்னொரு தாயிடம் அவள் பேச வேண்டும். அப்படி ஒருவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். தமிழ் பேசுபவர், மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். எண்ணைத் தனியாக அனுப்புகிறேன். இரவில் மனம் கனத்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கச் சொல். காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். மருத்துவமனையில் தகராறு என்று வந்தால் இலவச சட்ட உதவிக்கு 15100.

சொந்தக்காரர்கள் 'என்ன குழந்தை' என்று நோண்டினால் பெண் குழந்தை என்று சொல்லிப் பேச்சை மாற்று. குழந்தையின் துணியை விலக்கிப் பார்க்க யாரையும் விடாதே, மூத்தவர்களானாலும் சரி. அந்த விஷயத்தில் நீ பொல்லாத பாட்டியாக இருக்க வேண்டும். உனக்கு அது வரும். சாம்பியன் ரீஃப் பள்ளிக்கூட வாசலில் என்னைக் கேலி செய்தவன் மேல் டிபன் பாக்ஸை வீசியவள்தானே நீ.

ஜனவரியில் பெற்றோர்களுக்கென்று இங்கே ஒரு கூட்டம் வைக்கிறோம். கவிதாவையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வா. குழந்தையின் மருந்து நேரத்தைப் பார்த்து ரயிலைத் தேர்ந்தெடு. கண்டோன்மென்ட் நிலையத்துக்கு நான் வந்துவிடுகிறேன். அதற்கு முன்னால் மறுபடி அந்த நிபுணரைப் பார்க்கப் போவதானால் என்னிடம் சொல். வேலூருக்கோ குடியாத்தத்துக்கோ, எங்கே என்றாலும் கூட வந்து உட்காருகிறேன்.

அன்புடன்,
மல்லிகா