முகாமுக்கு வெளியே வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு மாதந்தோறும் உணவுச் சீட்டு வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
வளசரவாக்கம், போரூர் பகுதிகளில் வெளிப்பதிவில் (முகாமுக்கு வெளியே, காவல் நிலையப் பதிவுடன்) வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் சார்பாக, மனுதாரர்,
சென்னை – 600 087.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம்,
எழிலகம், சேப்பாக்கம், சென்னை – 600 005.

பொருள்: வெளிப்பதிவுக் குடும்பங்களில் வருமானமற்றோருக்கு உணவுச் சீட்டு (கடையில் கொடுத்து உணவுப் பொருள் வாங்கும் சீட்டு) வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1990ஆம் ஆண்டு மன்னாரிலிருந்து படகேறி மண்டபம் அகதிகள் முகாமில் பதிவு பெற்ற எங்கள் குடும்பம், பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுப் பின்னர் சென்னைக்கு வந்து, உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிவு செய்து இன்றுவரை வாடகை வீட்டில் வாழ்ந்து வருகிறது. எங்களைப் போல 13,553 குடும்பங்கள் முகாம்களுக்கு வெளியே இருப்பதாக 2021இல் தமிழ்நாடு அரசே கணக்கிட்டு, அக்குடும்பங்களுக்குக் கொரோனா நிவாரணமாகத் தலா 4,000 ரூபாய் அறிவித்தது. அந்த உதவியை நாங்கள் நன்றியோடு நினைத்துக்கொள்கிறோம்.

அது ஒரு முறை கிடைத்த உதவி. முகாம்களில் பெரியவர் ஒருவருக்கு மாதம் 12 கிலோ அரிசியும், 2021இல் உயர்த்தப்பட்ட பணக்கொடையும் கிடைக்கின்றன. வெளிப்பதிவில் இருப்பவர்களுக்கு இவை இல்லை. எங்களில் பலரிடம் குடும்ப அட்டையும் இல்லை. முகாமை விட்டு வந்தவர்கள் வசதியானவர்கள், வெளிநாட்டு உறவினர்கள் பணம் அனுப்புவார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சிலருக்கு அது உண்மைதான். ஆனால் அனுப்பிக்கொண்டிருந்த அண்ணனோ மாமாவோ வயதாகி ஓய்வு பெற்ற பிறகு, அல்லது காலமான பிறகு, இங்கே அடுப்பு எப்படி எரிகிறது என்று கேட்பதற்கு ஆளில்லை.

எங்கள் தெருவில் 74 வயது அம்மா ஒருவர் பேத்தியுடன் ஒற்றை அறையில் இருக்கிறார். கண் பார்வை மங்கும்வரை சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்தவர், இப்போது அண்ணாச்சி கடையில் கணக்கு நோட்டில் எழுதிவைத்து ஒவ்வொரு கிலோவாக அரிசி வாங்குகிறார். பக்கத்துப் போர்ஷன்காரப் பெண் தமது ரேஷன் அரிசியில் இரண்டு கிலோ கொண்டுவந்து கொடுத்தால், யாரும் பார்க்காதபடி கதவைச் சாத்திக்கொண்டுதான் அதைப் பாத்திரத்தில் கொட்டிக்கொள்வார். பேத்திக்குக் கஞ்சி வைத்துவிட்டுத் தாம் அம்மா உணவகத்துக்குப் போய் 5 ரூபாய் சாம்பார் சாதத்தோடு அன்றைய பொழுதை முடித்துக்கொண்ட நாட்களை நான் அறிவேன். இவர் ஒருவர் மட்டுமல்ல என்பதால்தான் இம்மனுவை எழுதத் துணிந்தோம்.

பொருளாகவோ பணமாகவோ கேட்காமல் சீட்டாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நகரில் நாங்கள் சிதறி வாழ்வதால், முகாமில் போல ஓரிடத்தில் அரிசி அளந்து கொடுப்பது அரசுக்கும் எங்களுக்கும் சிரமம். பணமாகக் கிடைத்தாலோ, முதல் தேதி வந்ததும் அது வீட்டு வாடகைக்கே போய்விடும் என்பதை மறைக்காமல் சொல்கிறோம். ஜோர்டான், லெபனான் நகரங்களில் சிதறி வாழும் சிரிய அகதிகளுக்கு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் இம்முறையில்தான், கடைகளில் பயன்படுத்தும் அட்டை வழியாக, உணவு உதவி செய்துள்ளது. இங்கே நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் அமுதம் அங்காடிகளும் கூட்டுறவுப் பண்டகசாலைகளும் ஏற்கெனவே இருப்பதால், புதிதாகக் கடை திறக்க வேண்டியதில்லை.

எனவே, தனித்து வாழும் முதியோர், கணவரை இழந்த பெண்கள், மாற்றுத்திறனாளிகள், சம்பாதிப்பவர் இல்லாத குடும்பத்துக் குழந்தைகள் ஆகியோரை 2021ஆம் ஆண்டின் நிவாரணப் பட்டியலையும் காவல் நிலையப் பதிவுகளையும் கொண்டு கண்டறிந்து, முகாமில் பெறும் அரிசிக்கு ஈடான மதிப்புடன் பருப்பு, எண்ணெய், முட்டை ஆகியவற்றையும் வாங்கக்கூடிய உணவுச் சீட்டை மாதந்தோறும் வழங்குமாறு வேண்டுகிறோம். ஒரே நாளில் முழுவதையும் வாங்கியாக வேண்டும் என்றில்லாமல், மாதத்தில் இரண்டு மூன்று தடவையாகப் பயன்படுத்த இடம் கொடுத்தால், தூக்கிச் சுமக்க முடியாத முதியவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். முதலில் சென்னையிலும் திருச்சியிலும் ஆறு மாதம் நடத்திப் பார்த்துப் பின்னர் விரிவுபடுத்தலாம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. அகதிகள் முகாம் என்ற பெயரை 2021இல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றிய அரசு இது. அந்த மனத்தோடு, சீட்டில் ‘அகதி’ என்ற சொல் இல்லாமல் பதிவு எண் மட்டும் இருக்குமாறு செய்ய வேண்டுகிறோம். கடை வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அதை மறைத்துப் பிடிக்க வேண்டியிருக்காது.

பயனாளிகளின் விவரங்களை வீடு வீடாகச் சரிபார்க்கும் பணியில் உடனிருந்து உதவ எங்கள் பகுதி இளைஞர்கள் ஆயத்தமாக உள்ளனர். தாங்கள் நேரம் ஒதுக்கினால் நேரில் வந்து விளக்கமளிக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்
(பகுதிக் குடும்பங்களின் சார்பாக)

இடம்: சென்னை