சிறுநீர்ப்பை மாத்திரையோடு நாலு வரியும் எழுதிக் கொடுங்கள்: மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும்,

வணக்கம். அடக்க முடியாமல் திடீரென்று முட்டிக்கொண்டு வரும் சிறுநீருக்கு நீங்கள் தரும் மாத்திரைகளைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே கெடுதல் செய்கின்றன என்பதெல்லாம் நீங்கள் படித்தது. உங்களுக்குத் தெரிந்தது எங்கள் வீடுவரை வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம். அதற்காகத்தான் இந்த மடல்.

என் அம்மாவுக்கு வயது 78. பல வருடங்களாகவே கழிப்பறைக்குப் போய்ச் சேருவதற்குள் புடவை நனைந்துவிடும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கல்யாணம் காட்சிக்குப் போவதை ஒவ்வொன்றாக விட்டார். எங்கே போனாலும் முதலில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்ப்பார். கடைசியில் நான்தான் வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துப் போனேன். சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள், கிருமித் தொற்று இல்லை என்றார்கள். சோலிஃபெனாசின் 5 மில்லிகிராம், தினம் ஒன்று என்று சீட்டு வந்தது. கடைக்காரர் அட்டையை உறையில் போட்டு, 'இரவு 1' என்று எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று இருவருமே கேட்கவில்லை.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாய் வறண்டது. வறட்சி என்றால் சாதாரணத் தாகம் இல்லை. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சே குழறியது. அம்மா பல்செட் போடுகிறவர். எச்சில் ஊறினால்தான் பல்செட் ஈறில் பிடித்து நிற்கும். எச்சில் வற்றியதும் அது நழுவ ஆரம்பித்தது, ஈறு புண்ணானது, மெல்ல முடியாமல் தட்டைத் தள்ளி வைத்தார். வாயை நனைக்கச் செம்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நாள் முழுவதும் தண்ணீர் குடித்தார். அவ்வளவு தண்ணீர் குடித்தால் என்ன ஆகும்? முன்பைவிட அதிகமாகக் கழிப்பறைக்கு ஓடினார். முதல் அட்டை தீரும் முன்பே போய், "இன்னும் குறையவில்லை" என்று சொன்னோம். மாத்திரை 10 மில்லிகிராம் ஆனது.

இந்த வகை மாத்திரை முழுப் பலன் காட்ட நாலு வாரமாவது ஆகும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார், ஏன் குடிக்கிறார் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பவரைக் கூட்டியிருக்க மாட்டீர்கள்.

பிறகு மலச்சிக்கல். மலம் இறுகிக் குடலில் தங்கினால் அது சிறுநீர்ப்பையை நெருக்கி அவசரத்தை மேலும் கூட்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, உங்களுக்கு முன்பே தெரியும். அதோடு ஜலதோஷம் பிடித்தது. கடையில் கேட்டதும் சளி மாத்திரை கொடுத்தார்கள், அதில் குளோர்ஃபெனிரமின். தூக்கத்துக்கும் கால் எரிச்சலுக்குமாக அம்மா அமிட்ரிப்டிலின் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றும் ஒரே திசையில், வாயை உலர்த்தி மூளையைக் குழப்பும் திசையில், இழுப்பவை. மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தன.

அன்று இரவு அம்மா எழுந்து உட்கார்ந்து, இறந்துபோன அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்று மரியாதையோடு கேட்டார். மறுநாள் கூட்டிக்கொண்டு போனபோது எங்களுக்குக் கிடைத்த பதில், "வயசாயிடுச்சு இல்லையா, மறதி நோய் ஆரம்பிச்சிருக்கலாம்." மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வேறொரு இடத்தில் ஓர் இளம் மருத்துவர்தான் எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். சளி மாத்திரையையும் சிறுநீர்ப்பை மாத்திரையையும் நிறுத்தினார். சோலிஃபெனாசின் உடம்பைவிட்டுச் சீக்கிரம் இறங்காது, பாதி குறையவே சுமார் இரண்டு மூன்று நாள் ஆகும், பதறாமல் பொறுங்கள் என்று சொன்னார். அவர் சொன்னபடியே மெல்ல மெல்லத் தெளிந்தது. அம்மா என் பெயரைச் சொன்னார்.

அந்த மருத்துவர் செய்ததில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. இருந்த அட்டைகளைப் படித்தார். அதைத்தான் உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். மாத்திரை எழுதும் முன் வேறென்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். எழுதிய பின் எதைக் கவனிக்க வேண்டும் என்று எங்களுக்குப் புரியும்படி நாலு வரி எழுதிக் கொடுங்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் நடந்தது யாரும் எதிர்பாராத விபத்து இல்லை. சிறுநீர்ப்பைத் தசையைச் சுருங்கச் சொல்வது அசிட்டைல்கோலின், நரம்புகள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம். ஆக்சிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின், டாரிஃபெனாசின் என்ற சிறுநீர்ப்பை மாத்திரைகள் எல்லாம் அந்தச் சேதியைத் தடுக்கின்றன. உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் குடலுக்கும் கண்ணுக்கும் வியர்வைச் சுரப்பிக்கும் மூளைக்கும் சேதி கொண்டு போவதும் அதே அசிட்டைல்கோலின்தான். அதனால் வாய் வறளும், மலம் இறுகும், பார்வை மங்கும், வெயிலில் வியர்க்காமல் உடல் சூடேறும், வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறும். ஆக்சிபியூட்டினின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1975-இல். இத்தனை காலமாகப் புழங்கும் மருந்து வகையின் பக்க விளைவு எங்களுக்கு மட்டும் எப்படிப் புதுச் செய்தியாக இருக்கிறது?

முதியவர்களுக்கு எந்த மருந்தைத் தவிர்ப்பது நல்லது என்று 1991-இல் மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் முன்னின்று தொகுத்த பட்டியல் இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. மறதி நோயோ திடீர் மனக்குழப்பமோ உள்ளவர்களுக்கு இந்த வகை மருந்துகளைத் தவிர்க்கும்படி அது சொல்கிறது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 3,434 பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, இத்தகைய வலுவான மருந்துகளை அதிக அளவில் நீண்டகாலம் சாப்பிட்டவர்களிடம் மறதி நோய் கூடுதலாகக் காணப்பட்டதாகச் சொன்னது. மருந்துதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை, அதை நானும் மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் அம்மாவுக்கு இதை எழுதும்போது இரண்டு நிமிடம் யோசிக்க அது போதுமான காரணம் இல்லையா? மறதி நோய்க்கு டோனெபெசில் கொடுப்பார்கள், அது சிறுநீர் அவசரத்தைக் கூட்டும், அந்த அவசரத்துக்கு ஆக்சிபியூட்டினின் கொடுப்பார்கள், அது டோனெபெசிலுக்கு நேர் எதிராக வேலை செய்யும். நடுவில் கிடந்து அவதிப்படுகிறவர், தனக்கு என்ன நடக்கிறது என்று எடுத்துச் சொல்லவும் முடியாத ஒரு முதியவர்.

மாற்று இல்லை என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மாற்று இருக்கிறது. மிராபெக்ரான் வேறு வழியில் சிறுநீர்ப்பையைத் தளர்த்துகிறது. வாய் வறட்சியும் மூளைக் குழப்பமும் அதில் குறைவு. அதற்கும் கண்காணிப்பு வேண்டும்: ரத்த அழுத்தம் ஏறலாம், கட்டுக்குள் வராத கடுமையான ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. மெட்டோப்ரோலால், டிகாக்சின் போன்ற இதய மருந்துகளின் அளவை அது ரத்தத்தில் கூட்டிவிடும். ஆக, எந்த மாத்திரை எழுதினாலும் அதே கேள்விக்குத்தான் வந்து நிற்கிறோம்: வேறென்ன சாப்பிடுகிறார்?

மாத்திரைக்கு முன்பே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. காபி, தேநீரைக் குறைப்பது, அவசரம் வந்ததும் ஓடாமல் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியை நீட்டிப் பழக்குவது, இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் கெகல் பயிற்சி, மலச்சிக்கலைச் சரிசெய்வது. இவற்றை அம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது அவர் தினமும் அந்தப் பயிற்சியைச் செய்கிறார், பலனும் தெரிகிறது. சீட்டு எழுதும் நேரத்தில் பாதி நேரம் பேசியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

மருந்தாளுநர்களே, உங்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நீண்ட நேரம் மெல்ல மெல்ல மருந்தை விடும்படி செய்த மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. உடைத்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். வாய் வறண்டு விழுங்க முடியாத முதியவருக்குப் பொடித்துக் கொடுக்கலாம் என்றுதான் எந்த வீட்டிலும் முதலில் தோன்றும். 'முழுதாக விழுங்கவும்' என்பது உள்ளே மடித்து வைத்த தாளில் பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாத எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை யாருக்காக அச்சடிக்கிறார்கள்? சளி மாத்திரை கேட்டு வருகிறவரிடம், வீட்டில் பெரியவர்களுக்கா, அவர்கள் வேறென்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

சிறுநீர் அடக்க முடியாத தொல்லை என்றாலே "வயசானா அப்படித்தான்" என்று ஒதுக்குகிறீர்கள். மாத்திரையால் புத்தி தடுமாறினாலும் "வயசானா அப்படித்தான்." விழுந்து இடுப்பு முறிந்தாலும் அதே பதில்தான் வரும். வயதின் மேல் எதைப் போட்டாலும் அது தாங்கிக்கொள்ளும் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. தொல்லையை வெளியே சொல்லவே பல வருடம் தயங்கியவர்கள் இவர்கள். துணிந்து சொன்னவர்களுக்கு இதுதான் கிடைக்கும் என்றால், அடுத்தவர் எப்படி வாயைத் திறப்பார்?

என் குரல் உயர்ந்துவிட்டது, மன்னியுங்கள். வரிசையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், ஒருவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதை நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த நாலு வரியில் என்ன இருக்க வேண்டும் என்று நினைக்கிறேனோ அதையும் சொல்லிவிடுகிறேன்.

எப்போது சாப்பிட வேண்டும், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று இருக்கட்டும். ட்ரோஸ்பியம் என்ற இதே வகை மாத்திரையை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது என்று இருக்கட்டும். பலன் தெரிய எத்தனை வாரம் ஆகும், எப்போது திரும்பி வர வேண்டும் என்று இருக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, எது நடந்தால் காத்திருக்காமல் உடனே உங்களைக் கூப்பிட வேண்டும் என்று இருக்கட்டும்: சிறுநீர் சுத்தமாகப் போகாமல் அடைத்துக்கொண்டால், கண் வலித்துப் பார்வை மங்கினால், முகமோ உதடோ நாக்கோ வீங்கினால், திடீரென்று ஆளைத் தெரியாமல் பேசினால். அந்த வரிக்குக் கீழே கூப்பிட வேண்டிய எண்ணையும் எழுதிவிடுங்கள். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருக்கிறதா, முன்பு சிறுநீர் அடைத்திருக்கிறதா, சிறுநீரகம், ஈரல் எப்படி, ஆண்களானால் புராஸ்டேட் வீக்கம் உண்டா என்று எழுதும் முன்பே கேட்டுவிட்டால் பாதி ஆபத்து அங்கேயே நின்றுவிடும்.

அம்மாவுக்கு அடுத்த மாதம் மறுபரிசோதனை இருக்கிறது. அவருடைய எல்லா மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வருவேன். தயவுசெய்து அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள். படித்துவிட்டு, எங்களுக்குப் புரியும்படி நாலு வரி எழுதிக் கொடுங்கள். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் அப்படியே செய்யும்படிப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மகள்