அறிவியல் நகர்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு,

நான் மாங்குளத்துக்குக் கிட்ட வயல் செய்கிறவன். ஒருகாலத்தில் உங்களைப் போலப் பொறியியல் படித்தவன்தான். போன மாதம் மருமகள் லீவில் வந்து, எங்கள் தகரக் கொட்டிலுக்குள் இருந்து சோதனைக்குப் படித்தாள். "நசெல்ட் எண் சமன் 0.664 தர ரெனால்ட்ஸின் வர்க்கமூலம் தர பிரான்டிலின் கனமூலம்" என்று தேவாரம் மாதிரி ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். தட்டையான தகட்டிலிருந்து காற்றோ தண்ணீரோ எவ்வளவு வெப்பத்தைக் காவிக்கொண்டு போகும் என்று சொல்கிறது நசெல்ட் எண். ஓட்டம் அமைதியா கொந்தளிப்பா என்று சொல்கிறது ரெனால்ட்ஸ் எண். காற்று, தண்ணீர் என்று பொருளுக்குப் பொருள் மாறுகிறது பிரான்டில் எண். பக்கத்தில் கோழி வாயைப் பிளந்து இளைத்துக்கொண்டு கிடந்தது. அவள் படித்த தட்டையான தகடு தலைக்கு மேலே காய்கிறது. பிள்ளை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மீள்குடியேறின நேரம் கிடைத்த தகரம் அது. காற்றடிக்கிற பக்கமாக 6 மீற்றர். சோளகம் செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் வந்தால் ரெனால்ட்ஸ் எண் 11 இலட்சம் அளவில் நிற்கும். தகரத்தை ஒட்டி ஓடுகிற மெல்லிய காற்றுப் படையோ (எல்லைப்படை) 5 இலட்சத்திலேயே குழம்பத் தொடங்கிவிடும். விளிம்பிலிருந்து இரண்டே முக்கால் மீற்றர் மட்டும்தான் அமைதியான பாய்ச்சல், மிச்சம் கொந்தளிப்பு. (தகரத்தின் நெளிவும் ஆணித்தலையும் அதை இன்னும் முந்தியே குழப்பும்.) ஆகவே அந்த 0.664 முழுக் கூரைக்கும் செல்லாது. இரண்டு பகுதியையும் சேர்த்த சமன்பாட்டைப் போட்டால் நசெல்ட் எண் 1450 அளவு. அதாவது தகரத்துக்கும் காற்றுக்கும் ஒரு பாகை வித்தியாசத்துக்குச் சதுர மீற்றருக்கு 6 வாற்றுக்குக் கொஞ்சம் மேலே வெப்பம் போகும்.

இனிக் காற்று விழுந்த மத்தியானத்தை எடுங்கோ. வேகம் 1 மீற்றர். ரெனால்ட்ஸ் எண் 5 இலட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது, மருமகளின் சூத்திரம் அச்சொட்டாகப் பொருந்தும். விடை ஒன்றரை வாற்றுச் சொச்சம். பரீட்சைத் தாளில் அதற்கு முழுப் புள்ளியும் கிடைக்கும். ஆனால் பிழை. தகரம் காற்றைவிட 30 பாகை சூடாக இருந்தால் அதன் மேலுள்ள காற்று தானாகவே எழும்பும், சோளகத்தைப் பார்த்துக்கொண்டிராது. அந்த எழும்புகிற பலத்தைச் சொல்கிற கிராஷோஃப் எண்ணை ரெனால்ட்ஸின் வர்க்கத்தால் பிரித்துப் பாருங்கோ, 5க்கு மேலே வரும். அங்கே ஆட்சி சூட்டின் கையில். காற்றுத் தானாக எழும்பி வெப்பத்தைக் காவுவதற்கான இயற்கை மேற்காவுகைச் சமன்பாட்டைப் போட்டால் 5 வாற்று அளவு வருகிறது, மூன்று மடங்கு. 3 மீற்றர் காற்றிலும் அந்த விகிதம் 0.6 அளவில், ஒன்றுக்குக் கிட்ட இருப்பதால், மேலே நான் சொன்ன 6 வாற்றையும் அப்படியே நம்பிவிடாதேங்கோ.

இந்த எண்களுக்கு அலகில்லை என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போகிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விசயம். ரெனால்ட்ஸ் எண் ஒன்றாக இருந்தால், தகடு சின்னதோ பெரிதோ பாய்ச்சல் ஒரே மாதிரித்தான். 60 சென்ரிமீற்றர் தகரத் துண்டை வைத்து என் கூரையை அறிய வேண்டுமென்றால் 30 மீற்றர் வேகக் காற்று வேண்டும், அது புயல். அதே துண்டை இரணைமடு வாய்க்காலில், செக்கனுக்கு ஒன்றரை மீற்றர் ஓடுகிற இடத்தில் பிடித்தால் போதும், ரெனால்ட்ஸ் எண் அதே 11 இலட்சம். தண்ணீரின் பிரான்டில் எண் ஐந்தரைக்குக் கிட்ட, காற்றினது 0.7. கனமூலம் எடுத்தால் வாய்க்கால் தருகிற நசெல்ட் எண் கூரையினதைப் போல இரண்டு மடங்கு, பாதியாக்கினால் சரி. 1915இல் நசெல்ட் இந்த வழியைப் போட்டுத் தந்தபோது நம் வாய்க்காலை நினைத்திருக்கமாட்டார்.

இறுதி வருடச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் ஆரும் இருந்தால், வன்னித் தகரக் கூரை ஒன்றில் வெப்பமானியை ஒட்டி, காற்று வேகத்தோடு சேர்த்து ஒரு வருடம் அளந்து தாருங்கோ. சோளகத்துக்கு எவ்வளவு, வாடைக்கு எவ்வளவு, காற்றே இல்லாத சித்திரைக்கு எவ்வளவு என்று. கொட்டில் இருக்கிறது, ஏணியும் இருக்கிறது. காலமை பத்து மணிக்கு முன்னம் வந்தால் நல்லது. பிறகு தகரத்தில் கை வைக்கேலாது.

இப்படிக்கு,
மாங்குளத்திலிருந்து ஒரு வயல்காரன்