கடைசி ஒன்றரை மீட்டரைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த செரிமான மண்டலம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வாயில் ஊறும் உமிழ்நீரில் தொடங்கி, இரைப்பையின் அமிலம், கல்லீரலின் பித்தநீர், கணையநீர், சிறுகுடலின் உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகள் என்று ஒவ்வொன்றையும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்படி எழுதியிருந்தார்கள். ஆனால் பெருங்குடலுக்கு வந்தவுடன், எஞ்சிய கழிவு வெளியேற்றப்படுகிறது என்ற ஒரே வரியோடு கட்டுரை முடிந்துவிட்டது. தாராவியில் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் நான். எங்கள் பகுதிப் பெண்களும் குழந்தைகளும் வயிற்றால் படும் பாட்டில் பெரும்பகுதி அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நாம் உண்பதும் குடிப்பதுமாக ஒரு நாளில் வயிற்றுக்குள் போகும் நீர் சுமார் 2 லிட்டர். உமிழ்நீரும் பித்தநீரும் மற்றச் சுரப்புகளுமாக உடம்பே அதனுடன் சேர்ப்பது ஏறக்குறைய 7 லிட்டர். இதில் பெரும்பகுதியைச் சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் உறிஞ்சிக்கொள்ள, மீதி ஒன்றரை லிட்டர் அளவு கூழாகப் பெருங்குடலுக்குள் இறங்குகிறது. பெருங்குடலின் நீளம் ஒன்றரை மீட்டர்தான். ஆனால் இரைப்பையையும் சிறுகுடலையும் சில மணி நேரத்தில் கடந்து வந்த உணவு இங்கே ஒரு நாளோ அதற்கு மேலோ தங்குகிறது. தங்கும் நேரமெல்லாம் அதிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும்; இறுதியில் மலத்தோடு வெளியே போவது 100 முதல் 200 மில்லி நீர் மட்டுமே. மலம் உள்ளே எவ்வளவு கூடுதலாக நிற்கிறதோ அவ்வளவு இறுகும் என்பது இதிலிருந்தே விளங்கும். மலச்சிக்கல் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

அடுத்தது, உந்துதல் எப்படி வருகிறது என்பது. தூங்கி எழுந்த பிறகும், இரைப்பையில் உணவோ சூடான காபியோ இறங்கிய சிறிது நேரத்திலும், பெருங்குடல் வலுவாகச் சுருங்கி உள்ளிருப்பதை மொத்தமாக முன்னே தள்ளுகிறது. நாளில் ஒருசில முறைதான் அது அப்படிச் செய்யும். அவற்றில் காலை நேரத்துச் சுருக்கமே பலருக்கும் வலுவானது. அதுவரை காலியாகக் கிடந்த மலக்குடல் நிறைந்து விரிந்ததும், ஆசனவாயின் உட்புறச் சுருக்குத்தசை நம்மைக் கேளாமல் தானே தளர்கிறது. வெளிப்புறச் சுருக்குத்தசை மட்டும் நம் பேச்சைக் கேட்கும். இடமும் நேரமும் இல்லையென்று அதை இறுக்கிப் பிடித்தால் சில நிமிடங்களில் உந்துதல் அடங்கிவிடுகிறது. ஆனால் மலம் உள்ளேயேதான் இருக்கிறது, அதிலிருந்து நீர் வற்றிக்கொண்டும் இருக்கிறது. இதையே மாதக்கணக்கில் செய்துவந்தால் மலக்குடலின் சுவர் நெகிழ்ந்து கொடுத்துப் பழகிவிடும். முன்பு உணர்த்திய அளவு மலம் சேர்ந்தாலும் பிறகு அது உணர்த்தாது. அடக்கக் கூடாத 14 வேகங்கள், அதாவது உடம்பின் இயல்பான உந்துதல்கள், என்று சித்த மருத்துவம் வகுத்து வைத்திருப்பதில் மலமும் ஒன்று என்பதைத் தங்கள் வாசகர்களில் மூத்தவர்கள் அறிவார்கள்.

அடக்கக் கூடாது என்று சொல்லிவிடுவது எளிது. எங்கள் சந்தில் எந்த வீட்டுக்குள்ளும் கழிப்பறை இல்லை. பொதுக் கழிப்பறையில் பெண்கள் பக்கம் ஆறு கதவுகள். அவற்றில் இரண்டு, தாழ்ப்பாள் இல்லாமலும் அடைத்துக்கொண்டும் பல மாதங்களாகப் பயனற்றுக் கிடக்கின்றன. நானும் அந்த வரிசையில் நிற்பவள்தான். ஒரு நாள் விடியற்காலையில் எனக்கு முன்னால் ஒரு பெண் பெயின்ட் டப்பாவில் தண்ணீருடன் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் ஏழு பேர். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றவள், கைப்பேசியில் இரண்டு மூன்று முறை மணி பார்த்தாள். பிறகு டப்பாவை என் பக்கம் நகர்த்தி, "அக்கா, இந்தத் தண்ணிய நீங்க வச்சுக்கோங்க. குழாய்ல தண்ணி வர்ற நேரமாச்சு, நாளைக்குப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குழாய்த் தண்ணீரை விட்டால் அன்றைக்குச் சமையல் இல்லை; சமையல் முடிந்தால் சயான் ஸ்டேஷனில் வண்டி பிடிக்க வேண்டும்; வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கென்று கழிப்பறை இருக்கிறதோ இல்லையோ தெரியாது. அவள் சொன்ன "நாளைக்கு" எத்தனை நாள் கழித்து வந்தது என்பதை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இந்த வரிசைக்கு அஞ்சி இரவில் தண்ணீர் குடிக்காத பெண்கள் எங்கள் பகுதியில் ஏராளம். இட்லி வியாபாரத்துக்காக மூன்று மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டுகிறவர்கள், உந்துதல் வந்துவிடுமோ என்று ஒரு வாய் காபியைக்கூடத் தள்ளிப்போடுகிறார்கள். கருவுற்ற பெண்களின் நிலை இதைவிடக் கடினம். கர்ப்ப காலத்து ஹார்மோன் மாற்றத்தாலேயே குடலின் அசைவு மந்தமாகிறது. இரத்தசோகைக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை அதை இன்னும் மந்தப்படுத்துகிறது. மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு, சாப்பிட்டேன் என்று என்னிடம் பொய் சொன்னவர்களை நான் கடிந்துகொண்டதுண்டு. முக்க முடியவில்லை என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டே அப்படிச் செய்தார்கள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

குழந்தைகளிடம் இது வேறு உருவத்தில் வருகிறது. ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்றை, இரண்டு மாதமாக வயிற்றுப்போக்கு என்று அழைத்து வந்தார்கள். உள்ளாடையில் அடிக்கடி கசிகிறது. பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். பேதி என்று எண்ணி அதன் தாய் பழமும் காயும் நிறுத்தி, வெறும் தயிர்சாதம் கொடுத்து, மருந்துக் கடையில் கேட்டுப் பேதியை நிறுத்தும் மருந்தும் கொடுத்திருந்தார். மருத்துவர் குழந்தையைப் படுக்கவைத்து அடிவயிற்றின் இடப்புறத்தைத் தொட்டுப் பார்த்தார். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். களிமண் உருண்டைகளை வரிசையாக அடுக்கிவைத்ததுபோல் கெட்டியாக இருந்தது. உள்ளே இறுகி அடைத்திருந்த மலத்தைச் சுற்றிக்கொண்டு மேலிருந்து வந்த நீர்த்த மலம் கசிந்திருக்கிறது. குழந்தைக்கு இருந்தது பேதி அல்ல, முற்றிய மலச்சிக்கல். கொடுத்த மருந்தும் உணவும் நோயை வளர்த்துவிட்டிருந்தன. பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராது என்பதால் அந்தக் குழந்தை பள்ளி இருக்கும் நாளெல்லாம் அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. மலம் இளக்கும் மருந்தும், சாப்பிட்டபின் பத்து நிமிடம் உட்காரும் பழக்கமுமாகக் குணமாவதற்கு நான்கு மாதங்களுக்கு மேலாயிற்று. அந்த நான்கு மாதமும் அதை ஒருவரும் திட்டக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த அறிவுரையை எல்லாப் பெற்றோருக்கும் நான் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இப்படிக் கசிவது குழந்தையின் அடங்காத்தனம் அல்ல. அது கசிவதை அக்குழந்தை உணர்வதே இல்லை.

இறுகிய மலத்தால் வரும் மற்ற இரண்டு தொல்லைகளை நம் மக்கள் "மூலம்" என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள். ஆசனவாயின் உட்புறத்தில் இரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசு எல்லோருக்கும் உண்டு. முக்கி முக்கி அது வீங்கிக் கீழிறங்குவதே மூலம். இதில் பெரும்பாலும் வலியில்லாமல் இரத்தம் சொட்டும். வெடிப்பு என்பது வேறு. கெட்டியான மலம் கிழித்துவிட்ட புண் அது. கண்ணாடித் துண்டு வெளியே வருவதுபோல் வலிக்கும். வலிக்குப் பயந்து அடக்குவார்கள், அடக்கியதால் மலம் மேலும் இறுகும், அடுத்த முறை புண் மேலும் கிழியும். இந்தச் சுழலில் நானே இரண்டு ஆண்டுகள் கிடந்தேன். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் செவிலியர்களுக்கான கழிப்பறை இரண்டு மாடி கீழே இருந்தது. இரவுப் பணியில் வார்டை விட்டு நகரவும் அனுமதியில்லை. அடக்காதீர்கள் என்று நோயாளிகளுக்குச் சொல்லிக்கொண்டே நான் அடக்கிக்கொண்டிருந்தேன்.

மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாராவித் தமிழரில் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். அந்தச் சீமையில் விளைந்து, திருநெல்வேலி சென்னா என்று ஊர்ப்பெயரோடே உலகச் சந்தைக்குப் போகும் நிலாவரை இலைதான் இங்கே கடைகளில் விற்கும் பேதிச் சூரணங்கள் பலவற்றிலும் இருப்பது. அது குடலைத் தூண்டிச் சுருங்கவைக்கும். மருத்துவர் சொல்லிச் சில நாள் எடுப்பதில் தவறில்லை. நாள்தோறும் தாமாகவே கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்கு வயிறு பிசையும். அளவு மீறினால் உடம்பில் பொட்டாசியமும் குறையும். முதலில் முயல வேண்டியது இசப்கோல் உமி போன்றவை. அதையும் ஒரு குவளைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும் என்பதைக் கடைக்காரர்கள் சொல்லியே கொடுக்க வேண்டும்.

உணவைப் பற்றி அனைவரும் எழுதுகிறார்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உகாண்டாவில் பல ஆண்டுகள் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்னும் அறுவை மருத்துவர், நார்ச்சத்து மிகுந்த உணவை உண்ணும் கிராமத்தவர்களின் மலம் ஆங்கிலேயர்களுடையதைவிட எடை கூடியதாகவும் விரைவில் வெளியேறுவதாகவும் இருப்பதை 1970களில் எடுத்துக்காட்டினார். காலையில் ஒரு வடாபாவும் டீயும், மதியம் வெள்ளைச் சோறும் என்று நாளைக் கழிக்கிறவர்களுக்கு அந்த 25 கிராம் வந்து சேர்வதில்லை. ஒரு கொய்யாப்பழமும், கேழ்வரகுக் கூழும், கீரையும் இங்கே எட்டாத பொருள்கள் அல்ல. ஆனால் போக இடமில்லாதவரிடம் நார்ச்சத்தைக் கூட்டச் சொல்வது என் மனத்தை எப்போதும் உறுத்தியிருக்கிறது.

இவற்றைக் கைவைத்தியத்தில் விட்டுவிடக் கூடாத நிலைகளும் உண்டு. மலத்தில் இரத்தம் போனால் மூலம் என்று தாமாகவே முடிவுகட்டிக்கொள்ளக் கூடாது. பெருங்குடல் புற்றுநோயும் அப்படியே தொடங்கலாம். நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்குமேல் மலம் போகும் வழக்கம் திடீரென்று மாறினாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, இரும்புச்சத்து மாத்திரை எடுக்காதபோதும் மலம் தார்போல் கறுத்துப் போனாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றுகூடப் பிரியாமல் போனால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீண்டநாள் மலச்சிக்கலுக்குத் தைராய்டுக் குறைபாடும் சர்க்கரை நோயும் காரணமாவதுண்டு.

ஆகவே தங்களிடம் எனது வேண்டுகோள் மூன்று. பூட்டிக் கிடக்கும் கழிப்பறைக் கதவுகளைப் பற்றி எழுதும்போது அதைத் துப்புரவுச் செய்தியாக மட்டும் எழுதாமல், உடல்நலச் செய்தியாகவும் எழுதுங்கள். மறுசீரமைப்பில் வீட்டுக்கு ஒரு கழிப்பறை வரும் என்று மாநகராட்சி அதிகாரிகள் எங்களைக் காத்திருக்கச் சொல்கிறார்கள்; குடல் காத்திருப்பதில்லை என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் அவர்களிடம் கேள்வியாகக் கேட்க வேண்டும். இரண்டாவதாக, இடைவேளை மணி அடித்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம் என்று விதி வைத்திருக்கும் பள்ளிகளின் ஆசிரியர்கள் படிக்கும்படி ஒரு பத்தியேனும் எழுதுங்கள். மூன்றாவதாக, கட்டுரையாசிரியர் தம் அடுத்த கட்டுரையைப் பெருங்குடலுக்கென்றே ஒதுக்க வேண்டும். பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் 1997இல் வெளியிட்ட, மலத்தின் ஏழு வகைகளைக் காட்டும் படத்தையும் அதனுடன் அச்சிட வேண்டும். ஆட்டுப்புழுக்கைபோல் உருண்டையாகப் போவது முதல் வகை, தண்ணீராகப் போவது ஏழாவது, நடுவிலுள்ள மூன்றும் நான்கும் நலம் என்று படிக்காதவர்களும் பார்த்தே சொல்லிவிடலாம். வாய்திறந்து சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் படத்தில் விரலை வைத்துக் காட்டிவிடலாம்.

படம் வெளிவந்தால் அதைப் பெரிதாக நகலெடுத்து, தமிழிலும் இந்தியிலும் விளக்கம் எழுதி, எங்கள் கழிப்பறையின் வெளிச்சுவரில், வரிசையில் நிற்கிறவர்களின் கண்மட்டத்தில் ஒட்டுவதற்குப் பராமரிப்பாளரிடம் அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தாராவி, மும்பை.