கோடியக்கரைச் சுற்றுலாவும் சாப்பாட்டுப் பையும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். பெயர்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளன.

ஜனவரியில் ஒன்பதாம் வகுப்பு கோடியக்கரை செல்கிறது. முன்பு எட்டாம் வகுப்பு அங்கே போய்வந்த அனுபவத்தால், சாப்பாட்டுப் பையைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

கோடியக்கரை 1967-இல் சரணாலயமான இடம். 2002 முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது ராம்சர் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள ஈரநிலம். பிள்ளைகள் பார்க்கப் போவது பூநாரையையும் வெளிமானையும். ஆனால் அவர்களை முதலில் பார்ப்பது குரங்கு. சிப்ஸ் பாக்கெட் சலசலப்பது அதற்கு எட்டிவிடும், பை ஜிப்பைத் திறக்கவும் தெரியும். பாக்கெட்டோடு ஓடும் பிள்ளையைத் துரத்தும். கீறிவிட்டால் வெறிநாய்க்கடி ஊசிக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும். பறித்த உறை காற்றில் புல்வெளிக்குப் போகிறது. உப்பு ஒட்டியிருப்பதால் மான் அதை நக்கி, விழுங்கியும் விடும். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் அது செரிக்காமல் தங்கும். சேரச் சேர, புல்லுக்கு இடமில்லாமல் மான் மெலியும்.

ஆகவே சரணாலயத்துக்குள் தண்ணீர் மட்டும்: ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் இரண்டு. சாப்பாடு வெளியே வந்தபின், வழியிலுள்ள ஊர்ப் பூங்காவில். அங்கும் மிச்சச் சோற்றைப் புல்லில் கொட்டக் கூடாது. டப்பாவிலேயே வீட்டுக்கு வரட்டும். புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ மதியம்வரை தாங்கும். தேங்காய்ச் சாதமும் சட்னியும் வேண்டாம், வெயிலில் ஊசிப்போகும். சோறு நன்றாக ஆறிய பிறகே மூடுங்கள். ஆவி அடைத்தால் புளிசாதமும் நொசநொசத்துவிடும். கேரி பை, பிளாஸ்டிக் கப், ஸ்ட்ரா எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

பேருந்தில் ஏறுமுன் ஒவ்வொரு பையையும் ஆசிரியர்கள் திறந்து பார்ப்பார்கள். பாக்கெட் இருந்தால் பள்ளியிலேயே இறக்கி வைக்கப்படும். யாருடைய பிள்ளையாக இருந்தாலும் இதேதான். வண்டி புறப்படும் நேரத்தில், "பசி தாங்கமாட்டான் சார்" என்று சன்னல் வழியாக நீட்டுவதையும் இனி அனுமதிக்க முடியாது.

மருந்து சாப்பிடும் பிள்ளைகள், இடையில் ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டியவர்கள் இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்னதாகச் சொல்லுங்கள். மூடியுள்ள டப்பாவில் கொடுத்தனுப்பினால் பேருந்துக்குள்ளேயே சாப்பிட வைப்போம்.

விடியுமுன் எழுந்து சமைத்துக் கட்டிக்கொடுப்பது எவ்வளவு சிரமம் என்று எங்களுக்கும் தெரியும். சென்ற முறை சொன்னபடியே டப்பாவில் கொடுத்தனுப்பிய பெற்றோருக்கு மிக்க நன்றி. ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்