"ஆஞ்சியோ மாதிரிதான்" என்ற ஒரு வரி: மூளை அறுவை சிகிச்சைத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மூளை நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கும் கதிரியக்கத் துறை மருத்துவர்களுக்கும் வணக்கம்.

என் தாயாரின் மூளை உறையில் வளர்ந்திருந்த மெனிஞ்சியோமா கட்டியை அகற்றுவதற்கு இரண்டு நாள் முன்பாக, "கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடுவோம், ஆஞ்சியோ மாதிரிதான்" என்று சொல்லி ஒரு படிவத்தில் என்னிடம் கையொப்பம் பெற்றார்கள். அம்மா நலமாக வீடு திரும்பிவிட்டார். ஆயினும் அந்த ஒரு வரியைப் பற்றி உங்கள் எல்லோரிடமும் பேச வேண்டியிருக்கிறது.

ஆஞ்சியோ என்றதும் நம் மக்கள் நினைப்பது இதயத்தில் அடைப்பை நீக்குவதைத்தான். எம்போலைசேஷன் எனப்படும் இந்த ரத்த அடைப்பு முறையில் நடப்பதோ நேர்மாறு: தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக நுண்குழாயை ஏற்றி, கட்டிக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கிளைகளில், பெரும்பாலும் நடு மூளையுறைத் தமனியின் கிளைகளில், நுண்துகள்களையோ பசை போன்ற திரவத்தையோ செலுத்தி அடைக்கிறீர்கள். மண்டையோட்டைத் திறக்கும்போது ரத்தப்போக்கு குறையவும், கட்டி இளகி எளிதாக எடுக்க வரவும் செய்யப்படும் முன்னேற்பாடு இது. பெரும்பாலும் இதுவே முழுச் சிகிச்சை ஆகிவிடாது. எங்கள் உறவினர் ஒருவர், "அதுதான் அடைத்தாயிற்றே, தலையை ஏன் திறக்க வேண்டும்?" என்று அறுவை நாள் காலைவரை வாதாடிக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் விளக்கவில்லையே.

நடு மூளையுறைத் தமனிக்கும் கண்ணுக்கு ரத்தம் தரும் தமனிக்கும் இடையே சிலருக்கு இணைப்பு இருக்கும் என்பதும், துகள் அவ்வழியே போனால் பார்வை பறிபோகலாம் என்பதும், முக நரம்புக்கு ரத்தம் தரும் கிளை அடைபட்டால் முகவாதம் வரலாம் என்பதும், கட்டிக்குள் ரத்தம் கசிந்து வீங்கினால் அவசரமாக அறுவை செய்ய நேரலாம் என்பதும் நீங்கள் அறிந்தவையே. படிவத்தில் இவற்றுக்கெல்லாம் சேர்த்து "சிக்கல்கள் ஏற்படலாம்" என்ற இரண்டே சொற்கள்தாம் இருந்தன. அரிதானவை என்பது சொல்லாமல் விடுவதற்குக் காரணம் ஆகாது. 1970களிலிருந்தே செய்யப்பட்டு வந்தாலும், இது எல்லோருக்கும் பயன் தரும் என்று உங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. மூளையின் மேற்பரப்பில், எளிதில் எட்டக்கூடிய இடத்தில் இருக்கும் கட்டிக்கு இது தேவையே இல்லை என்போரும் உங்களில் உண்டு. அப்படியிருக்க, "இந்தக் கட்டிக்கு இது ஏன் தேவை, செய்யாவிட்டால் என்ன ஆகும், எந்தத் தமனியை அடைக்கப் போகிறோம்" என்ற மூன்றுக்கும் விடையை நோயாளியின் தமிழில் எழுதித் தந்த பிறகே கையொப்பம் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அடைப்புக்குப் பின் கட்டியின் திசு ஆங்காங்கே மடிந்துபோவதால், நுண்ணோக்கியில் அது உள்ளதைவிடத் தீவிரமான கட்டியாகத் தோன்றக்கூடும். என் தாயாரின் பயாப்சி சீட்டில் எம்போலைசேஷன் செய்யப்பட்ட செய்தியே இல்லை; ஆய்வக மருத்துவர் தாமாகவே வார்டுக்குத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்தச் சீட்டில் அடைப்பு செய்த நாளையும் பயன்படுத்திய பொருளையும் குறிப்பதற்கு ஒரு கட்டம் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்