லாரிக்காரன் கேட்கும் ரயில்: ரயில்வே வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரயில்வே வாரியத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நாமக்கல்லில் லாரித் தொழில் செய்பவன் எழுதுகிறேன். நெடுந்தொலைவு லோடை ரயில் எடுத்துக்கொள்ளட்டும் என்று லாரிக்காரனே கேட்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். மனமாரத்தான் கேட்கிறேன்.

இரண்டும் கைகோக்க முடியும் என்பதைக் கொங்கண் ரயில்வே 1999-லேயே காட்டிவிட்டது. மகாராஷ்டிரத்தின் கோலாடில் லோடு லாரிகள் சாய்தளம் வழியே தட்டை வேகன்கள்மீது வரிசையாக ஏறுகின்றன. சக்கரங்களை அசையாமல் இறுக்குகிறார்கள். ஓட்டுநரும் கிளீனரும் லாரியோடேயே பயணம் செய்து, கோவாவின் வெர்ணாவிலோ கர்நாடகத்தின் சூரத்கல்லிலோ இறங்கி ஓட்டிச் செல்கிறார்கள். மலைப்பாதையில் டீசல் எரிவதில்லை, டயர் தேய்வதில்லை. ஓட்டுநர் நிம்மதியாகக் கொஞ்சம் தூங்குகிறார்.

ஆனால் 2,000 கி.மீ. தொலைவுக்கு லாரியின் எடையையும் சேர்த்து இழுப்பது வீண். அதற்குக் கண்டெய்னர்தான் சரி. சேலத்து ஜவ்வரிசி கொல்கத்தா போவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையிலிருந்து முனையம் வரை எங்கள் லாரி, நடுவே ரயில், அங்கே இறங்கியதும் அவ்வூர் லாரி. எங்கள் ஓட்டுநர் அன்றிரவே வீடு திரும்புவார். ரிட்டர்ன் லோடுக்காக வடக்கே புக்கிங் ஆபீஸ் வாசலில் நாள்கணக்கில் காத்துக்கிடக்கும் கொடுமை அவருக்கு இராது.

இதற்குத் தடை கட்டணம் மட்டுமல்ல. ஒரு முழு ரேக்கில், அதாவது ஒரு முழுச் சரக்கு ரயில் தொடரில், நாற்பதுக்கும் மேற்பட்ட வேகன்கள். இருபது டன் வைத்திருக்கும் சிறு ஆலைக்காரர் எப்படி ரேக் பிடிப்பார்? அடுத்தது நேரம். பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் சரக்கு ரயில் எந்த நாள் போய்ச் சேரும் என்று சரக்கு அனுப்பும் பார்ட்டிக்கு உறுதி சொல்ல முடிவதில்லை. ஒரு நாள் கூடுதலானாலும் அவர் பொறுப்பார், சொன்ன நாளில் சேர வேண்டும். சரக்கு ரயில்களுக்கென்றே போட்ட மேற்குச் சரக்குப் பாதையில் குஜராத்தின் பாலன்பூரிலிருந்து ஹரியானாவின் ரேவாரிக்குப் பால் டேங்கர்களையே ரயிலேற்றியவர்கள் நீங்கள். பாலுக்கு முடிந்தது ஜவ்வரிசிக்கு முடியாதா?

சேலம் வட்டாரத்திலிருந்து கொல்கத்தாவுக்கு வாரம் ஒருமுறை, சரக்கு நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குறித்த நேரத்தில் கிளம்பும் கண்டெய்னர் ரயிலை ஓராண்டு ஓட்டிப் பாருங்கள். ஒற்றைக் கண்டெய்னருக்கும் இடம் கொடுங்கள். முனையத்தில் டிரெய்லர் திரும்ப இடமும், இரவில் வெளிச்சமும், ஓட்டுநர்கள் குளிக்கத் தண்ணீரும் வேண்டும். கால அட்டவணையை எழுதும் முன் லாரி உரிமையாளர் சங்கங்களையும் ஆலைக்காரர்களையும் ஒரே மேசைக்கு அழையுங்கள்.

இப்படிக்கு,
நாமக்கல் லாரி உரிமையாளர் ஒருவர்